ஆறு உடுப்பு, ஐந்து படம்: கண்காட்சிக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்ட கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டு மாடியில் ஆறு வாரம் நடந்த சின்னக் கண்காட்சி இது. பினாங்கில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், தன் குடும்பத்தில் பாட்டி, தாத்தா, அம்மா, அத்தை, அண்ணன் என்று ஐந்து பேரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர்களாகவே நின்று படம் எடுத்து மாட்டியிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்த உடுப்பு. ஆறாவதாக அப்பாவின் சட்டை. அதற்குப் படம் இல்லை. கூடவே மூன்று வீடியோ.

சனி ஞாயிறுகளில் நான் அங்கே தொண்டூழியராக உட்கார்ந்திருந்தேன். ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கோலாலம்பூரிலும் இதை வைக்கிற பேச்சு இருக்கிறது, அதனால் இப்போது தொகுத்துப் போடுகிறேன். கலைஞரின் பெயரை எழுதாததற்குக் காரணம் கீழே வரும்.

அக்கா, இது சேலைக் கடையா?

இல்லை. வாசலில் ஒரு சுங்குடிச் சேலையைத் தொங்கவிட்டது எங்கள் தவறு. அக்கம்பக்கம் முழுக்க ஜவுளிக்கடை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஓர் அம்மா மாடி ஏறி வந்து, கடைசி விலை என்ன என்று கேட்டுவிட்டார். விற்பனைக்கு இல்லை என்றதும் கோபப்படவில்லை. உட்கார்ந்து, தன் மாமியாரின் சேலைகளை யார் யார் பங்கு போட்டார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். எனக்கு அந்த ஆறு வாரத்தில் கிடைத்த நல்ல கதைகளில் அதுவும் ஒன்று.

உள்ளே வர எவ்வளவு? சின்னப் பிள்ளைங்களைக் கூட்டி வரலாமா?

இலவசம். பிள்ளைகள் வரலாம், பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. படிக்கட்டுதான் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறவும்.

அஞ்சு பேரும் ஒரே ஆளா? எல்லாருக்கும் மூக்கு ஒரே மாதிரி இருக்கே.

ஒரே ஆள்தான். மூக்கைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனதும் மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பார்த்துப் பழகிய கண் அல்லவா.

இங்கிலாந்துக் கலைஞர் கில்லியன் வேரிங் 2003-இல் 'ஆல்பம்' என்ற வரிசையில் தன் அப்பா, அம்மா, சகோதரர், சகோதரி போல எல்லாம் மாறிப் படம் எடுத்துக்கொண்டார். மேடம் துசாட் மெழுகுச் சிலைக்கூடத்தில் பயிற்சி பெற்றவர்களின் உதவியோடு சிலிக்கோன் முகமூடி செய்து போட்டார். முகமூடியின் ஓட்டை வழியாகத் தெரியும் கண் மட்டும் அவருடையது. நம் கலைஞர் முகமூடி போடவில்லை. கன்னத்துக்குள் பஞ்சு, தலைக்குச் சவுரி, கொஞ்சம் பவுடர், அவ்வளவுதான். மூக்கை ஏன் அப்படியே விட்டீர்கள் என்று கேட்டேன். “அது எப்படியும் பாட்டி மூக்குதானே” என்றார்.

பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி மாதிரிதானே இருக்கு. இதுல கலை எங்க?

இதைக் கேட்காத நாளே இல்லை. மாறுவேடப் போட்டியில் பிள்ளைக்கு முண்டாசும் மீசையும் வைத்தால் பாரதியார், தடியும் கண்ணாடியும் கொடுத்தால் காந்தி. பார்க்கிறவர் அடையாளம் கண்டால் போதும், வேலை முடிந்தது. இங்கே மாட்டியிருக்கும் பாட்டியை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒத்துப் பார்க்க ஆள் இல்லை. அப்படியானால் இந்த வேஷம் யாருக்காக?

கலைஞர் அண்ணனின் இடைநிலைப்பள்ளி உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைச் சட்டை, கரும்பச்சை நீளக் காற்சட்டை. சமையலறையிலிருந்து வந்த அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டு, “சட்டையை உள்ளே விடு” என்றாராம். அதட்டல்கூட இல்லை, அண்ணனிடம் மட்டும் பேசுகிற ஒரு தொனி. மகளுக்கு அந்த வீட்டில் வந்த கட்டளைகள் வேறு: துப்பட்டாவைச் சரியாகப் போடு, சத்தமாகச் சிரிக்காதே, ஏழு மணிக்குள் வீட்டுக்கு வா. நாற்பது வயதில், ஒரு காற்சட்டையின் தயவில், அண்ணனுக்கு வந்த குரல் தங்கைக்கும் ஒருமுறை வந்தது.

புது ஆளைப் பார்த்தால் “இவங்க உனக்கு என்ன முறை?” என்று கேட்கிறோம். முறை தெரிந்துவிட்டால் எப்படிப் பேசுவது, எங்கே உட்காருவது, யாரைக் கேலி செய்யலாம், யார் முன்னால் எழுந்து நிற்கவேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவர் உடுப்போடு சேர்த்து முறையையும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். விளக்க அட்டையில் இதையே எட்டு வரியில் யாருக்கும் புரியாதபடி எழுதியிருந்தார்கள், அதைப் படிக்காவிட்டாலும் ஒன்றும் குறையாது.

தோட்டத்துல பாட்டிங்க இப்படியா உடுத்தினாங்க? சேலை மேல ஆம்பளைச் சட்டை?

ஆமாம். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அந்தப் பாட்டி. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, மேலே தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு. கொசுவுக்கும் பால் கறைக்கும் அந்தச் சட்டைதான் தடுப்பு. விடியும் முன்பே மரத்தடிக்குப் போய்விடவேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால்தான் தலைவிளக்கு.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள். ஓர் ஐயா சட்டையை முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். அது புதிதாகத் தைத்த சட்டை, அதில் வாசம் இருக்காது என்று சொன்னேன். ஆறில் பாட்டி, தாத்தா உடுப்புகள் இரண்டும் புதிதாகத் தைத்தவை, மற்ற நான்கும் வீட்டில் இருந்தவை. பாட்டியின் சட்டை எதுவும் மிஞ்சவில்லை. கிழிந்தால் கரித்துணி, அதற்கும் ஆகாவிட்டால் அடுப்பு.

தாத்தாவுக்குக் கோட்டு எங்கிருந்து வந்துச்சு? பாட்டி மரம் சீவினாங்கன்னு சொன்னீங்களே.

கோட்டு தாத்தாவுடையது அல்ல, படம் பிடிக்கிற கடையுடையது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளருக்கென்று கோட்டு, கழுத்துப்பட்டை, சில இடங்களில் கைக்கடிகாரம்கூட வைத்திருப்பார்கள். ஊருக்கு அனுப்புகிற படத்தில் மலாயாவுக்குப் போனவன் நன்றாக இருக்கிறான் என்று தெரியவேண்டுமே. கப்பல் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களின் வீடுகளில் இப்படி ஒரு படமாவது இருக்கும். கோட்டின் தோள் தொங்கும், அல்லது கை குட்டையாக இருக்கும்.

குடும்பத்தில் தாத்தா என்றால் எல்லாருக்கும் இந்தக் கோட்டுதான் நினைவுக்கு வருமாம். அவர் வாழ்நாளில் அதைப் போட்டிருந்தது சில நிமிடம். கலைஞர் புதிதாகத் தைக்கக் கொடுத்தபோது, தோள் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும் என்று தையல்காரரிடம் சொல்லியிருக்கிறார். தையல்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லையாம், கடைப்பெயர் கெட்டுவிடும் என்று.

கெபாயா போட்டவங்க மலாய்க்காரங்களா, நோன்யாவா?

கெபாயா என்பது முன்பக்கம் ஊக்குக் குத்திப் போடும் மேல்சட்டை; நோன்யா என்றால் சீன-மலாய்க் கலப்புப் பண்பாட்டில் வந்த பெண். படத்தில் இருப்பவர் அத்தை, அப்பாவின் தங்கை. மலாக்காச் செட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மலாக்காச் செட்டிகள் என்றால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அல்ல, இதைப் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டில் பேசுவது ஒருவகை மலாய், கும்பிடுவது சிவனையும் அம்மனையும். பெண்கள் கெபாயாவும் சாரோங் என்ற கைலியும் உடுத்துவார்கள். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அவர்களுடைய கிராமம் இன்றும் இருக்கிறது. 1781-இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையதுதான்.

பார்க்க வந்தவர்கள் உடுப்பை வைத்து அத்தைக்கு மூன்று இனம் சொன்னார்கள். “தமிழ் ஆளு மாதிரியே இல்லையே” என்றவர்களும் உண்டு. மூக்கைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அம்மா படத்துல முகமே தெரியலை. முகமூடி போட்ட ஆளை அம்மான்னு எப்படி நம்புறது?

பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-இல் தொடங்கியது. அதன்பின் பினாங்குப் பெண்களில் ஒரு தலைமுறையே மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனது. அந்த அம்மா வேலை பார்த்தது தூசு படாத அறையில். தலைமூடி, முகமூடி, கையுறை, வெள்ளை மேலாடை, கண் மட்டும் வெளியே. தொழிலாளியைப் பாதுகாக்கத்தான் இந்த உடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மனிதத் தோலும் முடியும் உதிர்ந்து சில்லுகளின் மேல் விழாமல் இருக்கத்தான். பாதுகாப்பு பொருளுக்கு.

வேலையிடத்தில் கேமரா கூடாது என்பதால் அந்த உடுப்பில் அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்லை. ஐந்து படத்தில் இதற்கு மட்டும் பார்த்து எடுக்க மூலப்படம் கிடையாது. அம்மாவே பக்கத்தில் நின்று, தலைமூடிக்குள் முடியை எப்படித் திணிப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கு இந்தக் கண்காட்சியில் மிகவும் பிடித்த படம் இதுதான், முகம் தெரியாததால்தான் பிடித்தது.

வாய் ஒண்ணு பேசுது, குரல் வேற வருது. வீடியோ கோளாறா?

கோளாறு இல்லை. முதல் வீடியோவில் மகள் முகத்தில் அம்மாவின் குரலும், அம்மா முகத்தில் மகளின் குரலும் வரும். இருவரையும் தனித்தனியாகப் பேசவிட்டுப் பதிவு செய்து, பிறகு ஒருவர் பேச்சுக்கு மற்றவர் வாயசைத்திருக்கிறார்கள். இதுவும் மேலே சொன்ன வேரிங் 1997-இல் செய்து காட்டிய வழி. '2 இன்டு 1' என்ற அவருடைய வீடியோவில் ஒரு தாயும் இரண்டு மகன்களும் ஒருவர் குரலுக்கு ஒருவர் வாயசைப்பார்கள். நம் கலைஞர் அதை மறைக்கவில்லை, கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

வாயசைக்கவேண்டும் என்றால் அந்தப் பேச்சை மூச்சோடு மனப்பாடம் செய்தாகவேண்டும். தன்னைப் பற்றி மகள் சொன்ன குறைகளை அந்த அம்மா இரண்டு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியிருக்கிறார். “எங்கம்மா நான் சொல்றதை முழுசா கேட்டதே இல்ல” என்ற வரி அம்மாவின் வாயிலிருந்தே வரும்போது கூடத்தில் சிரிப்பு கேட்கும். அப்புறம் ஒரு சின்ன அமைதி.

சேலை மடிக்கிற வீடியோவில் கதை எப்ப ஆரம்பிக்கும்?

ஆரம்பிக்காது. இருபத்திரண்டு நிமிடம் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சேலை மடிப்பார்கள். அம்மா மகளின் ஜீன்ஸில், மகள் அம்மாவின் சேலையில். கிட்டே வருவார்கள், முனையைக் கொடுப்பார்கள், மறுபடி விலகுவார்கள். சுழற்சியாக ஓடுவதால் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். பாதியில் எழுந்து போனால் தப்பில்லை, நானே முழுதாகப் பார்த்தது இரண்டு தடவைதான்.

பழைய கல்யாண கேசட்டை வைத்துச் செய்த மூன்றாவது வீடியோதான் என் கணக்கில் தேறவில்லை. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் முறை நன்றாகத் தெரிகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளாமல் படத்தை மெதுவாக்கி மெதுவாக்கி ஓட்டிக் களைப்பாக்கிவிட்டார்.

அடையாள அட்டையை ஏன் இவ்வளவு பெரிசா அடிச்சு மாட்டியிருக்காங்க?

கலைஞரின் சொந்த அட்டை அது, நடு எண்களை மறைத்துவிட்டுப் பெரிதாக்கியது. மலேசியாவில் நம் பெயரை எப்படி எழுதுகிறோம் என்று தெரியுமே: ஆணுக்கு நடுவில் ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. மலாயில் அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள். உறவுமுறையே பெயரின் பகுதியாகிவிட்டது. ஆனால் அது அப்பாவோடு உள்ள உறவு மட்டும். பிறப்புப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் இருக்கும், தினமும் பையில் வைத்துத் திரியும் அட்டையில் இருக்காது. ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப அம்மா யாருன்னு போலீஸ்காரங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எண்ணையும் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த 07 பினாங்கில் பிறந்ததற்கு, கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அண்ணன் உடுப்பில், தாத்தா கோட்டில் நிற்கிற படங்களுக்கு நேர் எதிரே, இரட்டைப்படையில் முடிகிற இந்த எண்ணை மாட்டியிருந்தார்கள்.

பொம்பளைப் பிள்ளை ஆம்பளை வேஷம் போடலாமா? நம்ம பண்பாட்டுல உண்டா?

கேட்டவர் கொஞ்சம் சண்டைக்கே வந்தார். நிறைய உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த பாலர் சபையில் சிறுவர்கள்தான் பெண் வேடமும் கட்டினார்கள். அதில் வளர்ந்த டி.கே. சண்முகம் ஔவையார் கிழவியாக நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர் வாங்கினார். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். பினாங்குக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் சொல்லவேண்டும் என்றால், ஆண்கள் பெண் வேடம் கட்டிய பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 1880-களில் இங்கேயே முளைத்ததுதான் பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம்.

இந்தக் காலத்து உதாரணமும் உண்டு. சிங்கப்பூர்க் கலைஞர் மிங் வோங் 2009 வெனிஸ் கலைவிழாவில் காட்டிய 'லைஃப் ஆஃப் இமிட்டேஷன்' வீடியோவில், ஒரு பழைய ஹாலிவுட் படத்தில் வரும் கறுப்பினத் தாயையும், வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு வாழும் அவள் மகளையும் மூன்று ஆண்கள் நடிக்கிறார்கள்: ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஓர் இந்தியர். காட்சி மாறமாற ஆளும் மாறுவார். அதற்கு வெனிஸில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. நம் அத்தையைப் பார்த்து மூன்று இனம் சொன்னவர்களை அங்கே உட்காரவைத்துப் பார்க்க ஆசை.

குடும்ப விஷயத்தை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா? அவங்ககிட்ட கேட்டாங்களா?

உயிரோடு இருக்கிற மூன்று பேரிடமும் கேட்டிருக்கிறார். அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், தேர்ச்சி அறிக்கையை மாட்டக்கூடாது. அத்தை தன் கெபாயாவைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், முன்பக்கம் குத்தும் கெரோசாங் ஊக்குகளையும் தானே குத்திவிட்டார். அம்மா வாயசைத்த கதையை மேலே சொல்லிவிட்டேன். யார் பெயரும் எங்கேயும் வரக்கூடாது என்பது மூவருக்கும் பொதுவான பேச்சு. கலைஞரின் பெயரை எழுதினால் ஏ/பி-க்குப் பின்னால் மற்றவர்களும் வந்துவிடுவார்கள். அதனால்தான் நான் எழுதவில்லை.

பாட்டி, தாத்தாவிடம் யார் கேட்பது? இந்த இடத்தில் எனக்கும் முழுச் சமாதானம் இல்லை. தாத்தா ஊருக்கு அனுப்ப எடுத்த படம் அது. கோட்டு கடையுடையது என்பதைச் சொல்லாமல் இருக்கத்தான் அவர் அந்தக் கோட்டையே போட்டார். பேத்தி அதைச் சுவரில் எழுதிவிட்டார். கலைஞரின் மாமா ஒருவர் வந்து, இதைச் சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்லமுடியாது.

எங்க வீட்டுலயும் பழைய பட்டு, கல்யாண கேசட் எல்லாம் கிடக்கு. என்ன செய்யறது?

பட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பினாங்கின் ஈரக்காற்றுக்குள் அது வேர்க்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை விட்டுவிடும். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. வெளிச்சமும் எதிரிதான். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. கூடம் ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

கேசட்டின் சன்னல் வழியாகப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அதை ஓட்டிப் பார்க்கவே கூடாது. நாடாவும் போகும், கருவியும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக இருப்பதைப் புத்தகம் போல நிறுத்தி வைத்து, சீக்கிரம் கணினிக்கு மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பதிவான கேசட்டுகள் பொதுவாக PAL என்ற வீடியோ முறையில் இருக்கும், மாற்றுகிற கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

போன்ல படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். வீடியோக்களைப் பதிவு செய்ய வேண்டாம்.

அப்பா சட்டை மட்டும் ஏன் காலியாத் தொங்குது? இவங்க போட்டுப் படம் எடுக்கலையா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், பெரும்பாலும் கிளம்பும்போது, படிக்கட்டில் நின்றுகொண்டு. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. அப்பாவுக்கும் மகளுக்கும் ஆகாது, பேச்சு இல்லை, இறந்த துக்கம் என்று அவரவர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். நான் நேரே கேட்டுவிட்டேன். மற்ற ஐந்து உடுப்புக்கும் பிடிக்கவோ பிரிக்கவோ, பஞ்சு வைக்கவோ ஏதாவது வேலை இருந்ததாம். அப்பா சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது தோள், கை, நீளம் எதையும் தொடவேண்டியிருக்கவில்லை. “சரியா இருந்துச்சுக்கா. கழட்டி மாட்டிட்டேன்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஓர் ஐயா வெகுநேரம் அந்தச் சட்டை முன்னால் நின்றார். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார் என்று எழுந்து போனேன். “மேல் பட்டனைப் போட்டு மாட்டும்மா, இல்லாட்டி காலர் மடங்கிடும்” என்றார். உடுப்புகளைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கும் விதிதான். போட்டுவிட்டேன். சாயங்காலம் கலைஞர் வந்து பார்த்தார். அதைக் கழற்றவில்லை.